சரிபார்ப்பவன்

எதையும் சரிபார்க்காமல் நம்பாத மனிதன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தொழில் அப்படி. கூடப் படித்தவர்கள் வருகைப் பதிவுக்காக வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த காலத்தில், உலகத்தின் பணப் போக்குவரத்தில் ஒரு பங்கு என் கட்டிலுக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரில் நடந்துகொண்டிருந்தது.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன், சார். கிரிப்டோ பணத்துக்கு வங்கி கிடையாது. யாரோ யாருக்கோ அனுப்பினால் அது நிஜமா டூப்பா என்று, ஒருவருக்கொருவர் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் கம்ப்யூட்டர்கள் பார்த்துச் சொல்லும். அந்த வேலைக்குச் சேர நாம் கொஞ்சம் நாணயங்களைப் பிணையாகப் பூட்டி வைக்க வேண்டும். ஒழுங்காகச் சரிபார்த்தால் சிறுகச் சிறுக வருமானம். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தால் அபராதம். அம்மா இதை ஒரு மாதிரி வட்டி என்று புரிந்துகொண்டாள். மாமாதான் சரியாகப் புரிந்துகொண்டார்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு எங்களோடு இருந்தார். வாடகை கொடுத்தது அவர் என்பதால் நாங்கள் அவரோடு இருந்தோம் என்பதே சரி. நான் விளக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நீயும் செக்கர்தான்னு சொல்லு மாப்ளே. நான் நின்னுக்கிட்டே பார்த்தேன், நீ படுத்துக்கிட்டே பாக்குற" என்றார்.

பிணைக்கான பணமும் அவர் கொடுத்ததுதான். என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை. இதை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்: ஆயுள் முழுக்க ஊரான் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், மருமகன் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டாரே என்று. எங்கள் தொழிலில் ஒரு மந்திரம் உண்டு. நம்பாதே, சரிபார். அதை மாமாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். "வீட்டு ஆளுங்ககிட்ட டிக்கெட் கேக்க முடியுமாடா" என்றார்.

பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. டீசல் புகை என்றார் டாக்டர். சிகரெட் என்றாள் அம்மா. மூக்கில் ஒரு குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின். கரண்ட் போனாலும் அது நிற்கக் கூடாதே என்று அம்மா தவணையில் ஒரு பழைய இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டாள். என் கம்ப்யூட்டரும் நிற்கக் கூடாதே என்று நானும் அதில் ஒரு ஒயரைச் சொருகினேன். மாமா பார்த்துவிட்டார். ரெண்டு செக்கருக்கும் ஒரே பாட்டரியா என்று கேட்டுச் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

என் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். ஒரு சரிபார்ப்புகூடத் தவறவில்லை என்பதற்கான கோடு. தவறினால் அந்த இடம் சிவப்பாகும். அப்புறம் யார் நினைத்தாலும் அழிக்க முடியாது. என் கோட்டில் சிவப்பே கிடையாது. குழந்தை படத்தைக் காட்டும் அப்பாக்களைப் போல அதைக் கல்லூரி முழுக்கக் காட்டியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. இரண்டையும் தாங்காது, ஒன்றைப் பிடுங்கு என்று அர்த்தம்.

யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். யோசித்தேன். மாமா குளிக்கப் போகும்போது குழாயைக் கழற்றிவிட்டுத்தான் போவார். போன கரண்ட் சீக்கிரம் வந்துவிடுவதும் வழக்கம்தான். மாமாவால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடியும், கோட்டால் முடியாது. அபராதம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். அந்த நேரத்துக்கு ஒரு டீ விலைகூட வராது.

மாமாவின் பிளக்கைப் பிடுங்கினேன். கரண்ட் இல்லாவிட்டால் அந்த மெஷின் கூவும். கூவாமலிருக்க ஒரு பட்டன் இருக்கிறது. அதையும் அமுக்கினேன், மனிதர் நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று. என் அறைக்குப் போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அம்மா திரும்பி வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. போய்ப் பிளக்கைச் சொருகினேன். மெஷின் நன்றாகவே ஓடியது, மாமாதான் இல்லை. நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாக ஸ்டேஷனுக்கு ஏன் வந்தேன் என்றால் அம்மாவால்தான். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். "நான் கடைக்குப் போகாம இருந்திருக்கலாம்டா. அண்ணன் என்னைத் தேடியிருப்பாரு." வேறு பேச்சே கிடையாது. அவள் கடைக்குப் போனதில் எந்தத் தப்பும் இல்லை, சார். அதை மட்டும் அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாமா கூப்பிட்டாரா என்று கேட்கிறீர்கள். சத்தம் வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கண்ணை விழித்துக்கொண்டு, கையைக் கொஞ்சம் தூக்கி ஆட்டினார். உள்ளங்கை கீழே பார்த்தபடி, விரல்கள் மட்டும் அசைந்தன. நம் ஆட்கள் வா என்று கூப்பிட்டாலும் அப்படித்தான் ஆட்டுவார்கள், போ என்று அனுப்பினாலும் ஏறக்குறைய அப்படித்தான். பேருந்தில் டிக்கெட் சரியாக இருந்தால், போ போ என்று மாமா அப்படித்தான் கையை ஆட்டியிருப்பார். நாலு எட்டு வைத்தால் கட்டில். எழுந்து போய்க் கேட்டிருந்தால் எது என்று தெரிந்திருக்கும்.

நான் போகவில்லை. போ என்றுதான் சொல்கிறார் என்று நம்பினேன். இப்போதும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.