ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பல்பு

கோவிந்தம்மாளுக்கு அநியாயம் செய்தவன் ஒயர்மேன் மாயவன். குளிக்கிற அறைக்கு விளக்குப் போடச் சொன்னால், அவள் செவலைப் பசுவுக்குப் பேய் காட்டிவிட்டான். தர்மபுரியிலிருந்து இண்டூர் போகிற பஸ்ஸில் இந்தச் சேதி இன்னும் தெரியாதவர் டிரைவர் ஒருவர்தான். இன்ஜின் சத்தம் அவரைக் காப்பாற்றியது. மாயவனைக் காப்பாற்ற எதுவும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக மாட்டிக்கொண்டிருந்தான்; மடியில் அவனுடைய சாமான் பை, பைமேல் அவள் சந்தையில் வாங்கி ஏற்றி வைத்த தக்காளிக் கூடை.

"நீ பேசாத மாயவா, நான் பேசிக்கறேன். எந்த வூட்டு வேலைக்கு ஓடற? சரி, அதை விடு. நான் இந்தப் பக்கம் மாட்டுக் கொட்டாய்ல பால் கறக்கறேன். அந்தப் பக்கம் எம் மருமவ தீர்த்தம்மா சொம்பைத் தூக்கித் தலைக்கு ஊத்தறா. அவ கை நெழலு செவுத்தைத் தாண்டி வந்து கொட்டாய்ல விழுது பாரு... அடேங்கப்பா! அரக்கன் ஒருத்தன் உலக்கைய ஓங்கறாப்பல! செவலை விட்டுது ஒரு ஒதை. பால் போச்சு, சட்டி போச்சு, என் முட்டியும் போச்சு. அன்னையிலிருந்து வெளக்கைப் பாத்தாலே பாலை மேல இழுத்துக்குது, சொட்டு எறக்க மாட்டேங்குது. என்ன முழிக்கற? பல்பை அவ முதுகுக்குப் பின்னால மாட்டுனது நீதான?"

மாயவன் வாயைத் திறந்தான். தக்காளி ஒன்று உருண்டது. பிடித்துப் போட்டுவிட்டு மூடிக்கொண்டான்.

"கொட்டாய்க்கு ஒண்ணு, குளிக்க ஒண்ணுன்னு ரெண்டு பல்பு எரிக்க நாங்க என்ன மில்லா வெச்சிருக்கோம்? நடுச் செவுத்தைக் கழுத்தளவோட நிறுத்தச் சொன்னேன், ஒரே வெளிச்சம் ரெண்டு பக்கமும் போவட்டும்னு. ஆமா, நான்தான் சொன்னேன். யோசனை நல்ல யோசனைதான்! சுவிட்சு கொட்டாய்லயா? ஆமா, அங்கதான். கறந்து முடிச்சா அணைப்பேன். மாடு படுத்தப்புறம் வெளக்கு யாருக்கு? இவ உள்ளாற சோப்புக் கண்ணோட கத்துனா நான் என்ன பண்ணுவேன்?"

முன்சீட்டுப் பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். கோவிந்தம்மாளுக்குக் குரல் ஏறியது.

"அவளுக்குக் கண்ணாடிக்கு மேல வெளிச்சம் வேணுமாம். மூஞ்சியில விழணுமாம், நெழலு பின்னால போவணுமாம். படிச்ச பொண்ணு, சொல்லத் தெரியாதா! நீயும் அவ பேச்சைக் கேட்டு, பல்பு மாட்டற எடம்னு கரித்துண்டால பெருக்கல் குறி போட்டியே... அழிச்சது நான்தான். புதுசா வெள்ளையடிச்ச செவுத்துல கரியைப் பூசுனா? அப்புறம் செவலை முரண்டு புடிக்கவும், இருட்டுலயே குளிச்சுக்கோடின்னேன். நாங்கெல்லாம் குளிக்கலையா?"

கோவிந்தம்மாள் முன்சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"போன திங்கக்கெழமை வழுக்கிட்டா. ஆறு மாசப் புள்ளத்தாச்சி மாயவா. தொட்டி விளிம்பைப் புடிச்சுக்கிட்டா, ஒண்ணும் ஆவலை. முந்தாநாளு ஆஸ்பத்திரியில காட்டக்கூட உங்க தர்மபுரிக்குத் தனியாத்தான் போயிட்டு வந்தா. வந்து ஒரே வார்த்தை: 'வெளக்கு இல்லைன்னா நாளைக்கழிச்சு ஏரியூருக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போறேன்.' நாளைக்கழிச்சுன்னா இன்னைக்குத்தான! சாயங்கால பஸ்ஸு. அவ போயிட்டா ஊரு என்ன சொல்லும்? மாட்டுக்குப் பயந்து மருமவளைத் தொரத்துனாள்னு தான சொல்லும்? எல்லாம் உன்னாலதான். கண்டிச்சுச் சொல்லியிருக்க வேணாமா, பெரியம்மா இது ஆவாதுன்னு? சொன்னியா... சொன்னே. ரெண்டு தடவை சொன்னே. மூணாந்தடவை சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்? இப்பவாவது வாயைத் தொறயேன்! என்ன பண்ணப் போற, சொல்லு!"

"இண்டூரு, இண்டூரு!" என்று கண்டக்டர் கத்தினார். மாயவன் கூடையை எடுத்து அவள் மடியில் வைத்தான். பையை விரித்துக் காட்டினான். உள்ளே புது ஹோல்டர், ஒரு சுவிட்சு, அட்டைக்குள் பல்பு.

"உங்க வூட்டுக்குத்தாங்க வரேன் பெரியம்மா. முந்தாநாளே உங்க மருமவ எங்க கடைக்கு வந்து எல்லாம் வாங்கிக் குடுத்துட்டாங்க. இன்னைக்கு நீங்க சந்தைக்குப் போவீங்க, திரும்பறதுக்குள்ள மாட்டிட்டுப் போயிடுங்கன்னாங்க. நான்தான் மொத பஸ்ஸை விட்டுட்டேனுங்க."