லிஸ்ட்டில் இருக்க வேண்டிய பேர்

"எங்க வீட்டுக்காரரு ஜெயில்ல இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வாரேண்ணே."

ஆவுடையார்கோவிலிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ். என் முன் சீட்டில் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். பக்கத்து வரிசையில் மடி நிறைய கேஸ் கட்டுகளோடு ஒருவர், வக்கீல் குமாஸ்தா போலிருந்தது. அவரிடம்தான் சொன்னாள்.

"என்னம்மா இப்புடிச் சொல்றீங்க?"

"கட்டட வேலைக்குப் போனவுக. பதினோரு நாளா போனு சுவிட்ச் ஆஃப். போன எடத்துல அடிதடியாம். கொஞ்சப் பேரைப் போலீஸ் புடிச்சிருச்சாம். உள்ள இருந்தா உசுரோட இருக்காகன்னுதானே அர்த்தம்?"

"புடிச்சா பேரை ஸ்டேஷன் போர்டுல எழுதணும்மா. கண்ட்ரோல் ரூம்ல லிஸ்ட் இருக்கும். வெப்சைட்டுலயும் போடுவாங்க. பேரு சொல்லுங்க, பாப்போம்."

"முருகேசன். அவுக அப்பா பேரு கருப்பையா."

அவர் போனில் வெகுநேரம் தேடினார்.

"ஒரு முருகேசன் இருக்காரு. அப்பா பேரு சின்னையான்னுல்ல போட்டிருக்கு."

"பயத்துல மாத்திச் சொல்லியிருப்பாக."

"வயசு இருவத்திரெண்டும்மா."

"எழுதுனவங்க தப்பா எழுதியிருப்பாங்க. எந்த ஜெயிலுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இதுல போட்டிருக்கிற ஸ்டேஷன்ல புடிச்சவங்கன்னா திருச்சி ஜெயிலுதான். ஆனா அம்மா..."

அவள் அதற்குள் கட்டைப்பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தொவைச்சுக் கொண்டாந்திருக்கேன். இதைக் குடுத்தா உள்ள வாங்கிக்குவாங்களாண்ணே?"