தட்டில் பிழைத்த பாதி

எனக்கு வயது நாற்பத்தொன்று. புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் உயிரணு ஆய்வாளராக இருக்கிறேன். மருத்துவமனைக்குப் பின்புறமுள்ள ஊழியர் குடியிருப்பில், மூன்றாவது மாடியில், கணவருடனும் அவருடைய தங்கையுடனும் வசித்து வருகிறேன். அந்த நாத்தனாருக்குத்தான் புற்றுநோய்.

முத்திரையிட்ட ஆய்வறையை உடைத்துத் திறந்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

உயிரணுக்களில் ஒவ்வொரு புரதமாகச் செயலிழக்கச் செய்து, எது போனால் புற்றணு மட்டும் சாகிறது என்று தேடுவது என் வேலை. அணுக்களை வளர்க்கும் தட்டின் ஒரு பாதியில் நாத்தனாரின் புற்றணுக்களும் மறுபாதியில் அவளுடைய நல்ல அணுக்களும் வளர்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கொல்வது பெரிய காரியமில்லை. பினாயில் ஊற்றினாலே போதும். அவளுக்கு இப்போது ஏற்றும் மருந்தும் ஏறக்குறைய அப்படித்தான். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் குடிக்கவே அழுகிறாள்.

சென்ற வாரம், சூட்டுப் பெட்டியில் வைத்து வளர்த்த ஒரு தட்டில் புற்றணுக்கள் செத்துக் கிடந்தன. உடன் வேலை செய்பவர், "சூட்டுப் பெட்டி கோளாறுங்க, கொட்டிடலாம்" என்றார். மறுபாதியைப் பார்க்கச் சொன்னேன். நல்ல அணுக்கள் ஜம்மென்று இருந்தன. சூடு கூடியிருந்தால் அவையும்தானே செத்திருக்க வேண்டும்? அதன் பிறகு அதே புரதத்தை நிறுத்திப் புதிய தட்டுகள் வைத்தோம். அதன் பிறகு கீழ்த்தளத்தில் தீப்பிடித்ததால், மின்சாரத்தை மட்டும் விட்டுவைத்து, தீயணைப்பு அதிகாரி எங்கள் அறைக்கும் முத்திரையிட்டார். அதன் பிறகு அவரைத் தொலைபேசியில் அழைத்து, தட்டுகளில் அணுக்களுக்கு உணவான ஊட்டநீரை மாற்றாவிட்டால் நல்ல அணுக்களும் பட்டினியில் செத்து, எது எதனால் செத்தது என்றே தெரியாமல் போகும் என்று கெஞ்சினேன்.

"திங்கட்கிழமை பாக்கலாம்மா" என்றார்.

"அதுங்களுக்குத் திங்கட்கிழமையெல்லாம் தெரியாது சார்" என்றேன். வைத்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதன் பிறகு பட்டப்பகலில், காவலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சுத்தியலால் பூட்டை உடைத்தேன். அவர் உங்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னது சரிதான்.

நீங்கள் வந்தபோது நுண்ணோக்கியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாத் தட்டுகளிலும் புற்றணு செத்திருந்தது, நல்லது பிழைத்திருந்தது.  உங்கள் அனுமதியுடன் நாத்தனாரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"நல்லதை விட்டுட்டுக் கெட்டதை மட்டும் புடிக்குதா? அதை உங்களைப் புடிச்ச போலீசுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க அண்ணி" என்றாள். சிரித்தால் அவளுக்கு வாய் எரியும், இருந்தும் சிரித்தாள்.

என் வாக்குமூலத்தை எழுதி வாசித்துக் காட்டினீர்கள். "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தேன்" என்று நான் சொல்லவில்லை. அந்த வரியை நீக்கச் சொன்னேன். மருந்தாக வெகுகாலம் ஆகும். அவளுக்குக் கிடைக்குமா என்பதும் தெரியாது. அதற்குப் பதிலாக, "எந்தப் புரதத்தைக் குறிவைக்க வேண்டும் என்று இன்று தெரிந்துவிட்டது" என்று எழுதச் சொன்னேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, எல்லாம் உண்மை. இந்தத் திருத்தத்துக்கும் சேர்த்தே கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)