செங்கம் சாலை வீட்டு ரவுட்டருக்கு நான் போட்ட பாஸ்வேர்டு

என் பெயர் மூர்த்தி, வயது 56, தகப்பனார் பெயர் சின்னசாமி. திருவண்ணாமலை செங்கம் சாலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய சொந்த வீட்டில் வசிக்கிறேன். ஒன்பதாவது வரை படித்திருக்கிறேன். காலமான என் தங்கையின் மகள் அபிநயா என்னுடன் இருக்கிறாள். மாடி அறைகளை ஆசிரமத்துக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். இன்டர்நெட் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே, இது ஒரு நாள் போலீசை வாசலுக்குக் கூட்டி வரும் என்று தெருவே கேட்கச் சொன்னவன் நான்.

ஆடி மாதம் அந்த ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்து நெட் நின்றுவிட்டது. பௌர்ணமிக்காகச் சாலையை அடைத்திருப்பதால் வர முடியாது என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். அதன் பிறகு நானே அந்த வேலையைக் கற்றுக்கொள்வது என்று இறங்கி, போனில் வீடியோ பார்த்து, பெட்டியின் பின்பக்கத் துளையில் ஊக்கு முனையை விட்டு அழுத்தினேன். எல்லா விளக்கும் அணைந்து மறுபடி எரிந்தது. அதன் பிறகு கம்பெனி கொடுத்த பெயரைத் திரும்பப் பதிந்து பச்சை விளக்கை வரவழைத்தேன். பிறகு வந்து பார்த்த கம்பெனிக்காரர், மெட்ராசிலேயே இப்படி ஒரு கை இல்லை என்றார்.

அதன் பிறகு யாராலும் உடைக்க முடியாத ஒரு பாஸ்வேர்டு போட்டேன். அது எனக்கும் அபிநயாவுக்கும் மட்டுமே தெரியும். அறைக்கு வருபவர்களின் போனை வாங்கி, முதுகைக் காட்டி நின்று, நானே அழுத்திச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பேன். அந்த வேலை முடிந்ததிலிருந்து பௌர்ணமிதோறும் கிரிவலம் போகிறவர்கள் என் மதிலோரம் ஜாஸ்தியாக உட்கார்ந்து, போனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் வைத்த தண்ணீர்ப் பானையின் ராசி அது.

ஐப்பசிப் பௌர்ணமியன்று கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்தை முன்னின்று நடத்திக்கொண்டிருந்தேன். அறைகள் காலி. அபிநயா மட்டும் வீட்டில் இருந்தாள். அன்று ஒரு தனியார் பள்ளிக்கு, குண்டு வைத்திருப்பதாக மெயில் போயிருக்கிறது. அது என் வீட்டு இன்டர்நெட்டிலிருந்து போனதாகத் தெரிந்து, இன்று காலை போலீஸார் வந்து ரவுட்டரை எடுத்துக்கொண்டு, அபிநயாவையும் இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள். அவள் அந்தப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து, சண்டை போட்டு நின்றவள். அவள் குடிக்காமல் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. செருப்பு வாசலிலேயே இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன்.

இங்கே பாஸ்வேர்டு என்னவென்று கேட்டதற்கு அவள், "எனக்குத் தெரியாதுங்க மேடம், மாமாதான் போன வாங்கிப் போட்டுக் குடுப்பாரு" என்றாள். அதன் பிறகு உதவி ஆய்வாளர் ராஜமதி அவர்கள் நான் இதுவரை சொன்னதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு நீங்களே சொல்றீங்க. நீங்க கல்யாணத்துல இருந்தீங்க. அப்ப மீதி யாருங்க? தெரியாதுன்னு அந்தப் பொண்ணு ஏன் பொய் சொல்லுது?" என்று கேட்டார். கதவிடுக்கில் அபிநயாவின் வெறும் கால் தெரிந்தது. ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கோர்ட், ஜெயில் என்று யாரோ பேசிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு நான் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, மேலும் எழுதிக்கொள்ளச் சொன்னது என்னவென்றால், அந்த ரவுட்டருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பச்சை விளக்கு வந்த பிறகும் அது என்னென்னவோ கேட்டது. எனக்குப் புரியவில்லை. பாதுகாப்பு வேண்டாம் என்று இருந்த வரியைத் தட்டினேன், அதோடு கேட்பது நின்றது. முதுகைக் காட்டி நின்றபோது நான் எதையும் அழுத்தவில்லை. திறந்து போட்டவன் மேல்தான் கேஸ் வரும் என்று பயந்து இங்கேயும் பாஸ்வேர்டு இருப்பதாகவே சொன்னேன். மேஜை மேல் இருக்கும் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். இந்த அறையில் இருக்கும் எந்தப் போனும் ஒன்றும் கேட்காமல் சேரும். மதிலோரம் உட்கார்ந்தவர்கள் என் தண்ணீருக்காக உட்காரவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ளவற்றில் பாஸ்வேர்டு போட்டதும், அதை அபிநயாவிடம் சொன்னதும், போன்களில் அழுத்தியதும் நான் கட்டிய கதை. மற்றவை நடந்தபடி சொன்னவை. மறுபடி படித்துக் காட்டக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு, செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) சி. மூர்த்தி