அவள் படித்துக் காட்டிய கடிதம்

— உட்காருங்கக்கா. எல்லாம் பிள்ளைங்க நாற்காலி, முட்டி இடிக்கும். எனக்குப் பழகிப்போச்சு.

— பரவாயில்லீங்க டீச்சர். ஆஸ்பத்திரி சலவையில நாள் முழுக்க நின்னுக்கிட்டே துணி தேய்க்கிறவ நான். உட்கார இடம் கெடைச்சாப் போதும்.

— டீச்சர்னு சொல்லாதீங்க. நான் மருந்துக்கடையில மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவ. புதன்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து உங்க பொண்ணோட சேர்ந்து படிக்கிறேன், அவ்வளவுதான்.

— பாப்பா உங்களை டீச்சர்னுதாங்க சொல்லுது.

— அவ எங்க?

— வெளிய விளையாடுன்னு விட்டுட்டு வந்தேன். விளையாடல. சுவரோரமா குந்தியிருக்கு.

— அதைத்தான் நானும் கேட்கணும்னு இருந்தேன். ரெண்டு வாரமா புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறா. படிச்சா தலை வலிக்குதாம். கண்ணைக் காட்டச் சொல்லலாமான்னு யோசிச்சேன். வீட்டுல ஏதாச்சும் நடந்துச்சாக்கா?

— அவங்க அப்பாகிட்டேயிருந்து கடுதாசி வந்துச்சுங்க. அவரு வெளியூருக்குக் கட்டட வேலைக்குப் போயி ரெண்டு வருசமாச்சு.

— நல்ல சேதிதானே?

— நான் வேலை முடிஞ்சு வந்தப்போ உறையைப் பிரிச்சுக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. எனக்குப் படிக்க வராதுன்னு அதுக்குத் தெரியும். நான் கேக்குறதுக்குள்ள எந்திரிச்சு நின்னு படிச்சுது. ‘அப்பா நல்லா இருக்கேன். வேலை முடிய இன்னும் கொஞ்ச நாளாகும். அம்மாவைப் பத்திரமாப் பார்த்துக்கோ. சீக்கிரம் வந்துடுவேன்’னு. ஒரு எடத்துல திணறல.

— பாருங்க! போன வருசம் ‘மரம்’னு படிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்க வெச்சவ அவ.

— நெசமாவே அதுக்கு அவ்வளவு படிக்க வருதுங்களா? புத்தகத்துல இருக்கிறது சரி. கையால எழுதினது? கோணல்மாணலா எழுதினது?

— என் கையெழுத்தையே படிப்பாக்கா. டாக்டர் கிறுக்கினதைப் படிச்சுப் படிச்சு என் எழுத்தும் அப்படித்தான் ஆயிடுச்சு. அவ அதைக்கூடப் படிச்சு, அர்த்தமும் சொல்லுவா.

— இதுதாங்க அந்தக் கடுதாசி. தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்துச்சு. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.

— கொடுங்க, பார்க்கிறேன்.

— என்னங்க, இவ்வளவு நேரமாப் பார்க்கிறீங்க. ஒரே பக்கம்தானே.

— ஒண்ணுமில்லக்கா. மை கொஞ்சம் மங்கலா இருக்கு.

— பாப்பா படிச்சதுதானே இருக்கு?

— ஆமா. அதேதான். நல்லா இருக்காராம். வந்துடுவாராம்.

— நீங்களும் காகிதத்தைப் பார்க்காமயே படிக்கிறீங்க டீச்சர். பாப்பாவும் அன்னைக்கு அப்படித்தான்.

— அக்கா...

— எனக்குத் தெரியும்ங்க. கடுதாசி வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே போன்ல சொல்லிட்டாரு. அங்க இன்னொருத்தியோட குடும்பமாயிட்டாராம். இனி எதிர்பார்க்காதே, எல்லாத்தையும் விவரமா எழுதிப் போட்டிருக்கேன்னாரு. எனக்குப் படிக்க வராதுங்கிறதுகூட மறந்துபோச்சு அவருக்கு. பாப்பா கையில சிக்கிடக் கூடாதேன்னு தபால் வர்ற நேரத்துக்கு தெனமும் ஓடி ஓடி வந்து வாசல்ல நின்னேன். கடுதாசி வந்த அன்னைக்குன்னு பார்த்து சூப்பர்வைசர் விடல.

— இத்தனையும் மனசுல வெச்சுக்கிட்டா எங்கிட்ட தலைவலின்னு சொல்லிக்கிட்டிருந்தா? எட்டு வயசுக்கா அவளுக்கு.

— கண்ணைத் தொடைங்க. அது ஜன்னல் வழியா இங்கதான் பார்க்குது.

— எனக்காக நீ மறைக்க வேணாம், அம்மாவுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிடுங்களேன்.

— வாய் வரைக்கும் வருதுங்க. அதுக்குள்ள அது ‘அப்பா வந்ததும் புது செருப்பு கேட்கணும்மா’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. எனக்காகத்தான் சிரிக்குது. நானும் சரிடின்னு தலையாட்டிட்டுப் போயிடறேன். டீச்சர், பாப்பாவைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காரா இதுல?

— வேணாம்க்கா.

— சொல்லுங்க. அது தாங்கினதை நான் தாங்க மாட்டேனா?

— கடைசி வரி. ‘பாப்பா சின்னப் பிள்ளை, கொஞ்ச நாள்ல என்னை மறந்துடும். நானும் மறந்துடறேன்.’

— அந்த வரி வரைக்கும் படிச்சிருக்காதுங்க. பாதியிலயே வெச்சிருக்கும். இல்லீங்களா?

— படிச்சு முடிச்ச வார்த்தைக்குக் கீழ பென்சில்ல ஒரு புள்ளி வைன்னு நான்தான் அவளைப் பழக்கினேன். இதோ, கடைசி வார்த்தைக்குக் கீழயும் இருக்குக்கா.

— பாப்பாவுக்கு இன்னும் அவ்வளவெல்லாம் படிக்க வராதுக்கான்னு நீங்க சொல்லுவீங்கன்னு நம்பித்தான், இன்னைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேன் டீச்சர்.