முடிஞ்சதுன்னு ஒரு வரி

"எப்பப் பாத்தாலும் பாஸுன்னு சொல்ற சோதனைய உண்டாக்குனது நான்தான்டி."

அருப்புக்கோட்டையில் பஸ்ஸு கிளம்பும்போது என் முன் சீட்டில் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் முன்பு அவளோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவளாம். பல மாதம் கழித்து இன்றைக்குத்தான் பார்க்கிறார்களாம்.

"என்னடி உளறுற பாத்திமா? கம்ப்யூட்டருல ஓடுற அந்தச் சோதனை ஸ்கிரிப்ட்ட எழுதுனது நான். ஃபைலு கெட்டுப்போனாக் காட்டிக்கொடுக்குற கருவி ஒழுங்கா வேலை செய்யுதான்னு அதுதான் சோதிக்கணும். கருவி கெட்டுக்கெடந்தும் அது பாஸுன்னு காட்டுனதாலதான என் வேலை போச்சு?"

"நீ சரியாத்தான் எழுதுன. சரிபாத்த நான்தான், கடேசியில 'முடிஞ்சது'ன்னு ஒரு வரி போடு, பாக்க அழகா இருக்கும்னேன்."

"ஆமா, உனக்கு எதுலயும் அழகு வேணும்."

"கம்ப்யூட்டரு கடேசி வரியோட முடிவத்தான எடுத்துக்கிருது? மேல சோதனை தோத்தாலும், எப்பவும் தோக்காத அந்த வரியால பாஸுன்னே காட்டிருச்சு. உன்னைய அனுப்புன மறுவாரம் கண்டுபிடிச்சேன். பயந்துபோயி வாயத் தொறக்கல."

மற்றவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அதான் என் கல்யாணத்துக்கு வரலயா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

"வேலை போனவதானேன்னு என்னைய ஒதுக்கிட்டன்னு நெனச்சேன்."

"அய்யோ, இல்லடி. நாளைக்கே ஆபீஸுல உண்மையச் சொல்லிர்றேன்."

"அத நீ சொல்லிருவ. கல்யாணத்தன்னைக்கு மேடையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்டி. எந்தப் போட்டோவுலயும் நான் நேராப் பாக்கல."