ஐஸ் ஆலை சுவிட்ச் ஏன் விழவில்லை

ராமதாஸைக் கொன்றது கம்பெனி. இதை முதல் வரியாக எழுதச் சொன்னேன். பெயரும் வயதும் விலாசமும்தான் முதலில் வர வேண்டும் என்றார் போலீஸ் மொழிபெயர்ப்பாளர். அதை எழுதினால்தான் மற்றதைச் சொல்வேன் என்று நான் உட்கார்ந்துவிட்டபடியால் பிறகு எழுதினார்.

என் பெயர் பாக்கியசாமி, தகப்பனார் பெயர் பால்ராஜ், வயது இருபத்து நான்கு, கத்தோலிக்கன். டத்தோ கிராமட் ரோட்டில் தையற்கடைக்குப் பின்புறம் உள்ள அறையில் குடியிருக்கிறேன். ஹால்டன் மின்சாரக் கம்பெனியின் சப்ஸ்டேஷனில் ரிலே பிட்டராக வேலை செய்கிறேன். நான் சாட்சியா, குற்றவாளியா என்று கேட்டேன். அது இன்னும் தீர்மானமாகவில்லை என்றார்கள்.

ரிலே என்றால் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டபடியால் சொல்கிறேன். அது கண்ணாடி மூடி போட்ட ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே காந்தத்தின் நடுவே ஓர் அலுமினிய வட்டு இருக்கும். லைனில் கரண்டு அளவு மீறினாலும், கேபிள் அறுந்து மண்ணுக்குள் ஒழுகினாலும், வட்டு சுற்றும். சுற்றி முடித்ததும் ஒரு சிவப்புக் கொடி கீழே இறங்கும், பேட்டரியிலிருந்து சுவிட்சுக்குக் கரண்டு போகும், சுவிட்ச் விழுந்து லைன் செத்துவிடும். கொடி இறங்குவதற்குப் பேட்டரி வேண்டாம், வட்டு சுற்றினாலே போதும். ஆனால் சுவிட்ச் விழுவதற்குப் பேட்டரி வேண்டும். இறங்கிய கொடியைக் கையால் தள்ளித்தான் மேலே ஏற்ற வேண்டும்.

எங்கள் கம்பெனியில் லைனை நிறுத்தி ரிலே பார்க்க விடமாட்டார்கள். ஐஸ் ஆலை முதலாளியான சீனத் தவுக்கே கத்துவார், பிறகு துரை கத்துவார். ஆகையால் லைன் உயிரோடு இருக்கும்போதே வேலை செய்கிறோம். கை பட்டு வட்டு சுற்றிவிடாதபடி காந்தத்துக்கும் வட்டுக்கும் இடையில் மடித்த தாள் ஒன்றைச் செருகி வைப்போம். தாள் செருகினவன் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்து, அதன் திருகு மரையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அவன்தான் தாளை எடுக்க வேண்டும், அவன்தான் மூட வேண்டும். மூடியிருக்கும் கண்ணாடியை வேறு யாரும் திறந்து பார்ப்பதில்லை. மூடியிருந்தால் உள்ளே தாள் இல்லை என்று அர்த்தம். இது எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. நானும் கூட வேலை செய்யும் யூசுப்பும் இப்படித்தான் செய்து வந்தோம், எங்களுக்கு முன்பு இருந்தவர்களும் இப்படித்தான் செய்தார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் சப்ஸ்டேஷனுக்கு வரும்போது எதிரே ஐஸ் ஆலை ஓரத்தில் கேபிள் போடும் கூலிகள் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழையில் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. கூலிகளில் ஒருவர் ராமதாஸ். அவரோடு எனக்கு முகப் பழக்கம் உண்டு. அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "தம்பி, பக்கத்துலயே பழைய கேபிள் ஓடுதாமே, கங்காணி எந்தப் பக்கம்னு காட்ட மாட்டேங்கிறான், பட்டுச்சுன்னா?" என்று கேட்டார். நான், "பயப்படாம வெட்டுங்கண்ணே. எங்க பெட்டி உங்களுக்கு முந்தி முழிச்சுக்கும்" என்றேன். அவர் சிரித்தார். "உன் பெட்டிய நம்பி என் பொண்டாட்டிய விட்டுட்டுப் போறதா?" என்றார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அதன் பிறகு நான் உள்ளே சென்று அந்தப் பழைய கேபிளில் ஓடும் ஐஸ் ஆலை லைனின் ரிலேயைத் திறந்து, சுவிட்சுக்குப் போகும் கம்பியைக் கழற்றி வைத்துச் சோதனைக் கரண்டு விட்டுப் பார்த்தேன். வட்டு சுற்ற வேண்டிய நேரத்துக்குப் பிந்திச் சுற்றிற்று. கொடி இறங்கிற்று. ஈரத்தினால் காந்தத்தில் தூசி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தபின் தாளைச் செருகி, கம்பியைத் திரும்ப மாட்டினேன். மாட்டியது நிச்சயம். இனித் தாளை எடுத்துவிட்டு மூடுவதாக இருந்தேன். அப்போது தலைமைக் குமாஸ்தா நாகநாதன் அவர்கள் வந்தார். அவர் யாழ்ப்பாணத்தார், எங்கள் மேற்பார்வையும் அவருக்குத்தான். அன்றைக்குச் சிங்கப்பூரிலிருந்து பெரிய துரைமார் பார்வையிட வருவதாக இருந்தது.

அவர் சுவரைப் பார்த்து, "உதென்ன கோலம்? பல்லுக் கழண்ட கிழவன் மாதிரி நிக்குது. துரைமார் வருகினம், மூடும்" என்றார். நான், "இன்னும் முடியலைங்கய்யா, தாள் உள்ள இருக்கு" என்றேன். "தாளோ துணியோ, அதெல்லாம் பிறகு பாரும். மாடியில கதிரை காணாது. நீர் போய் ஜெட்டி ஆபீசில இருந்து கதிரை தூக்கி வாரும்" என்றார். நான் நாற்காலி தூக்குகிறவன் அல்ல, ரிலே பிட்டர் என்று சொன்னேன். "அப்ப ரிலேயில இருத்தி வைப்பமே துரைமாரை?" என்றார். பியூன்கள் சிரித்தார்கள். மரை என் பையில் இருக்க, நான் கைவண்டியோடு போனேன். யூசுப்பை அவர் சோடாவுக்கு ஐஸ் வாங்க அனுப்பியிருந்ததாகப் பிறகு அறிந்தேன். உயர் அழுத்தக் கம்பி ஓடும் அறையை ஆளில்லாமல் விட்டுவிட்டு எங்களைக் கதிரைக்கும் ஐஸுக்கும் அனுப்பினார்கள். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திரும்பி வந்து கதிரைகளை மாடிக்கு ஏற்றும்போது அறையின் கதவு வழியாகப் பார்த்தேன். கண்ணாடி மூடியிருந்தது, மரையும் முடுக்கியிருந்தது. யூசுப் வந்து தாளை எடுத்து மூடியிருப்பான் என்று நினைத்தேன். ஐஸோடு வந்த யூசுப்பும் அதே கண்ணாடியைப் பார்த்து, நான் முடித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். நாங்கள் இருவரும் திறந்து பார்க்கவில்லை. மூடின கண்ணாடியை நாங்கள் திறப்பதில்லை என்று மேலே சொல்லியிருக்கிறேன். என் பையில் மரை இருக்கும்போது பெட்டியிலும் எப்படி மரை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் இரண்டு கையிலும் கதிரை இருந்தது. உபரி மரைகள் ஸ்டோர் அறையில் பூட்டியிருக்கும். சாவி நாகநாதன் அவர்களிடம். தான் எதையும் தொடவில்லை என்கிறார்.

அதன் பிறகு துரைமார் மாடியில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கும்போது ஐஸ் வண்டிக்காரர் ஜபருல்லா வாசலில் வந்து, "கரண்ட நிறுத்துங்கடா, ஆளு ஒட்டிக்கிட்டான்!" என்று கத்தினார். நான் கதிரையைப் போட்டுவிட்டு அறைக்குள் ஓடினேன். அளவு முள் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது. சுவிட்ச் விழவில்லை. ஆனால் ரிலேயில் சிவப்புக் கொடி இறங்கியிருந்தது. கைப்பிடியை இழுத்து நானே லைனைக் கொன்றேன். வெளியே போனபோது ராமதாஸைப் பள்ளத்திலிருந்து தூக்கிப் போட்டிருந்தார்கள். கடப்பாரை அவருடைய கையிலேயே இருந்தது, அதைப் பிரிக்க முடியவில்லை. மாடி ஜன்னலில் ஒரு துரை கோப்பையோடு நின்று பார்த்தார்.

அதன் பிறகு நான் திரும்ப அறைக்கு வந்தபோது நாகநாதன் அவர்களும் கம்பெனி எஞ்சினீயர் துரையும் இன்ஸ்பெக்டரும் இருந்தார்கள். எஞ்சினீயர் துரை கண்ணாடியைக் கழற்றி, இடுக்கியால் வட்டின் இடையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அப்போது கொடி மேலே ஏறியிருந்தது. யார் ஏற்றியது என்று கேட்டேன். கொடி இறங்கவே இல்லை என்றார்கள்.

இங்கேதான் எனக்குப் புரியவில்லை. தாள் உள்ளே இருந்தால் வட்டு சுற்றாது. வட்டு சுற்றாமல் கொடி இறங்காது. நான் கொடியையும் பார்த்தேன், தாளையும் பார்த்தேன். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்க முடியாது. காலையில் என் சோதனையின்போது இறங்கின கொடியை நான் ஏற்றாமல் விட்டிருந்தால் இருக்க முடியும். ஏற்றினேனா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஏற்றினதாகத்தான் நினைக்கிறேன். எப்போதும் ஏற்றுவேன். அன்றைக்கு ஏற்றினது தனியாக நினைவில் இல்லை. எடுத்துக் காட்டின தாள் என்னுடையதா என்று கேட்டார். நான் வழக்கமாகப் பீடிக் கட்டின் மேல்தாளைக் கிழித்து வைப்பேன். அவர்கள் காட்டினது வெள்ளைத் தாள். ஆனால் அன்றைக்கு என்னிடம் பீடி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கொடியை வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டார். ஜபருல்லா கதவருகில் நின்றார். அவரைக் கேட்டதற்கு, "செவப்பா என்னமோ தெரிஞ்சுச்சுலா தம்பி. கொடியா வெளக்கா, நான் என்னத்தக் கண்டேன்? செத்தவனத்தான் கண்ணு பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

கொடி ராமதாஸின் மேல் பாய்ந்த கரண்டால் இறங்கியிருந்தால், அப்போது உள்ளே தாள் இல்லை, அது பிறகுதான் வந்திருக்கிறது; ரிலே தன் வேலையைச் செய்திருக்கிறது, பேட்டரிதான் செய்யவில்லை. பேட்டரி ஜாடிகளில் தண்ணீர் வற்றித் தகடுகள் வெளுத்துச் சக்தி போய்விட்டது என்று நானும் யூசுப்பும் பலமுறை சொன்னோம். "வெள்ளைத் தகடு வடிவாத்தானே இருக்கு" என்று நாகநாதன் அவர்கள் பகடி பண்ணினார். விபத்துக்கு மறுநாள் அங்கே புதிய ஜாடிகள் இருந்தன. பழையவை அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் படகில் போய்விட்டதாக யூசுப் சொன்னான்.

கொடி காலையிலிருந்தே இறங்கியிருந்தால், தாள் என்னுடையது, மூடினவன் எவனாக இருந்தாலும் தாளைச் செருகினது என் கை. நான் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. எது நடந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு ராமதாஸின் மனைவி ஜெயலெட்சுமி சப்ஸ்டேஷன் வாசலுக்கு வந்தார். பாக்கியசாமி என்பவன் மறந்ததினால் புருஷன் செத்தான் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, பெட்டி முழிச்சுக்கும்னு நீங்க சொன்னதா காலையில சோறு வாங்க வந்தப்ப சொல்லிச் சிரிச்சாரே. முழிச்சுதா, முழிக்கலயா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.  அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது.

ஆகையால் நான் கேட்பது இது. பட்டர்வொர்த்துக்குப் போன பழைய ஜாடிகளைப் போலீஸ் கொண்டுவர வேண்டும். அவற்றை முன்பிருந்தபடியே மாட்டி, தாள் இல்லாத அந்த ரிலேயில் என் முன்னாலும் யூசுப் முன்னாலும் ஜெயலெட்சுமி முன்னாலும் கரண்டு விட்டுப் பார்க்க வேண்டும். சுவிட்ச் விழுந்தால் தவறு என் தாளில் இருக்கிறது, என்னைச் சிறையில் போடுங்கள். விழாவிட்டால் யாரைப் போடுவீர்கள்? அதை இப்போதே, நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

(இந்தக் கேள்வி இன்ஸ்பெக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது. மறுபடியும் சொல்லப்பட்டது. பதில் பதிவாகவில்லை.)

மேலே உள்ளது தமிழில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எனக்குத் தெரிந்ததைத் தெரிந்ததாகவும் தெரியாததைத் தெரியாததாகவும் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் என்னை மிரட்டவில்லை.

(ஒப்பம்) பா. பாக்கியசாமி
ஜார்ஜ் டவுன், பினாங்கு, 1934